பொன்னும் ஏரியும்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவன் சென்ற தை மாதம் என் இல்லத்திற்கு வந்தான். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதனுள் திரிந்த பால் போன்ற வெண்படிவு. பாட்டியின் உடைந்த நகைகளைப் புடைத்தங்கமாக்க விரும்பி, வீட்டிலேயே வெடியுப்புத் திராவகத்தில் இட்டிருக்கிறான். "பொன் போய்விட்டதோ, ஐயா?" என்று கலங்கினான்.

பொன் எங்கும் போகவில்லை. அடியில் கிடந்த பழுப்புத் தூளே பொன். முதன்முறை திராவகம் வேலை செய்யவே மறுத்ததாம். வியப்பில்லை, ஒரு பங்கு பொன்னுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கினாலன்றித் திராவகம் உள்ளே புகாது. இரண்டாம் முறை அவ்வாறே செய்தவன், ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றிவிட்டான். நீரிலிருந்த உப்பு வெள்ளியைப் பற்றி வெண்படிவாக்கிற்று.

அவனை அச்சுறுத்திய அவ்வுப்பே பண்டையோருக்குக் கருவி! திராவகம் அறியப்படுமுன், பொற்றகடுகளை உப்போடும் செங்கற்பொடியோடும் அடுக்கி மட்கலத்தில் நெடுநேரம் புடமிட்டனர். வெள்ளி உப்போடு கூடிச் செங்கற்பொடியில் ஊறிவிட, பொன் எஞ்சும். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள சார்டிஸ் நகரில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் இம்முறை நிகழ்ந்த பட்டறையை அகழ்ந்து கண்டுள்ளனர்.

"உருக்கிய குண்டுமணி சுத்தியல் பட்டதும் விரிகிறதே?" என்றான். கழித்த மின்கருவிகளின் பொன்முலாம் முனைகளையும் ஈயப்பற்றோடு சேர்த்து உருக்கியிருந்தான். ஈயம் சிறிதளவு கலந்தாலும் பொன் நொறுங்கும். கௌடிலியர் இதனை அறிந்திருந்தார். மாசுற்ற பொன்னை ஈயத்தால் தூய்மை செய்யச் சொல்லும் அர்த்தசாஸ்திரம், ஈயத்தால் அது பிளவுறுமாயின் உலர்ந்த சாணத்தைக் கொண்டு காய்ச்சவும் சொல்கிறது.

இவ்வளவும் சொன்ன நான், இனி இதைச் செய்யாதே என்றும் சொன்னேன். காரணம் என் தாய்மாமன். அவர் பொற்கொல்லர். 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாதென்றபோது, அவரைப் போன்றோர் பிழைப்பிழந்தனர். 1968-இல் அது தனிச் சட்டமாயிற்று, 1990-இல்தான் நீங்கிற்று. அக்காலத்தில் ஒரு மழைநாளில், பிறர் கண்ணில் படலாகாதென்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு திராவகம் காய்ச்சினார். செம்பழுப்புப் புகை எழுந்தது. மாலையில் இருமல் மட்டுமே, உணவும் உண்டார். நள்ளிரவில் மூச்சுத் திணறிற்று. அப்புகையின் கொடுமை அதுதான். பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். பிழைத்தார், ஆனால் ஊதுகுழலை மீண்டும் வாயில் வைக்க அவரால் இயலவில்லை.

மாணவன் வெகுநேரம் பேசவில்லை. மீந்த திராவகத்தை எங்கே கொட்டினாய் என்றேன்.

"வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏரிக் கால்வாயில், ஐயா."

ஒரகடத்துக்குத் தென்மேற்கே உள்ளது உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற ஊர். முதற் பராந்தகன் காலத்தில் அங்குப் பொன் வாரியமும் ஏரி வாரியமும் இருந்தன. ஊர்ப்பொன்னை மாற்றுக் காண்போரையும் அவ்வூர்ச் சபை குடவோலையாலேயே தேர்ந்தது. உரைகல்லில் ஒட்டிய பொன்துகளை மெழுகால் ஒற்றி எடுப்பது வழக்கம். அம்மெழுகை அவர்கள் தாமே வைத்துக்கொள்ளலாகாது. ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது சபையின் விதி.