கூவாகத்துக்குத் தேடிப் போன பெண்



சென்ற மாதம் புதுவையின் பழைய சினிமாக் கொட்டகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சிதம்பரத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "பழைய படம் எல்லாம் சரி. இப்ப வர்ற சின்னச் சின்னப் படங்களப் பத்தியும் எழுதுங்க. பேரப்பிள்ளைங்க பாக்குறாங்க, நமக்கு ஒண்ணும் புரியல" என்றார். எந்தப் படங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "திருநங்கைங்க, அப்புறம் பொண்ணும் பொண்ணும் விரும்புறது... அந்த மாதிரி" என்றார்.

"அந்த மாதிரி" என்பது எங்கள் தலைமுறையின் சொல். வேறு சொல் எங்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை. இருந்தவை எல்லாம் தெருவில் கத்தும் வசைச் சொற்கள். ஆகவே நண்பர் கேட்டதற்காக மட்டுமல்லாமல், எனக்கே ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருப்பதாலும் இதை எழுதுகிறேன்.

என் பூர்வீகம் இந்தக் கீரப்பாளையம்தான். ஆனால் அப்பாவின் வேலை காரணமாகப் படித்ததெல்லாம் புதுவையில், பிரெஞ்சு வழியில். பிரெவே தேர்வு வரை அந்த மொழிதான். கோடை விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்கு வருவேன். அங்கே பெரியப்பா மகன் ஒருவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கோலம் போடுவார், பூக் கட்டுவார், அவர் கட்டிய மல்லிகைச் சரம் பெண்கள் கட்டியதைவிட நெருக்கமாக இருக்கும். அதற்காக அடியும் வாங்குவார். 1969 சித்திரையில் ஒரு நாள் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கூவாகத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று ஊரில் பேச்சு. "அப்படி ஒருத்தன் பொறக்கலேன்னு நெனச்சுக்குங்க" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எல்லோரும் அப்படியே நினைத்துக்கொண்டோம்.

கூவாகம் அப்போது நம் தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்தோடு போயிற்று, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரை முழுநிலவை ஒட்டி அங்கே கூத்தாண்டவர் திருவிழா. திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் களப்பலி முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துவது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்திலேயே கொத்தட்டையிலும், புதுவையில் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே இவர்களை உயர்திணையில் வைத்துத்தான் பேசுகிறார். தில்லை நடராசருக்கு ஒரு காதில் ஆணின் குழை, மறு காதில் பெண்ணின் தோடு. ஆக, நம் மண்ணுக்கு இது புதிய சங்கதி அல்ல. வீட்டுக்குள் வந்தால் மட்டும்தான் புதிதாகத் தெரிந்தது.

நான் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பிழைத்தவன். அதனால் ஒரு சட்டச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கியது. பிரெஞ்சுக்காரர்களோ 1791-ல், புரட்சியின்போதே, அந்தக் குற்றத்தைத் தங்கள் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை கடலூர் எல்லைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் குற்றமில்லை. 1963-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் புதுவைக்கும் நீட்டிக்கப்பட்டபோது அந்த வேறுபாடும் போயிற்று. ஆனால் சட்டம் சும்மா இருந்த அந்தக் காலத்தில் புதுவை வீடுகள் தாராளமாக இருந்தனவா என்றால், இல்லை. எங்கள் தெருவிலும் இதே வசைதான், இதே அடிதான். சட்டம் ஒன்று, வீட்டுத் திண்ணை வேறு.

இனி சினிமாவுக்கு வருகிறேன். நம் படங்களில் பல பத்தாண்டுகள் இவர்கள் சிரிப்பு மூட்டவே வந்தார்கள். கைதட்டிக்கொண்டு வருவார்கள், கதாநாயகனின் கன்னத்தைக் கிள்ளுவார்கள், கொட்டகை அதிரும். நானும் சிரித்திருக்கிறேன். 1995-ல் வந்த 'பம்பாய்' படத்தில் கலவரத்தில் தொலைந்த சிறுவனைக் காப்பாற்றுபவர் ஒரு திருநங்கை. அந்தச் சில நிமிடங்கள் விதிவிலக்கு. 1996-ல் தீபா மேத்தா எடுத்த 'ஃபயர்', இரு பெண்களின் நேசத்தைச் சொன்னது. 1998-ல் இங்கே வெளியானபோது மும்பையிலும் டெல்லியிலும் திரையரங்குகளை அடித்து நொறுக்கினார்கள். பெரிய முதலாளிகள் இந்தப் பக்கம் வராததில் வியப்பில்லை. கடன் வாங்கியும் நண்பர்களைச் சேர்த்தும் எடுக்கும் சிறு படக்காரர்களுக்குத்தான் இந்த வேலை வந்து சேர்ந்தது. சுயாதீனப் படம் என்று இப்போது சொல்கிறார்கள்.

இந்த வகையில் நான் பார்த்த முதல் படம் தமிழ்ப் படம் அல்ல. புதுவை அலியான்ஸ் பிரான்சேஸில் திரையிட்ட 'மா வி ஆன் ரோஸ்', அதாவது 'என் இளஞ்சிவப்பு வாழ்க்கை'. 1997-ல் வந்தது, இயக்குநர் அலேன் பெர்லினேர், பெல்ஜியம் நாட்டவர். லுதோவிக் என்ற ஏழு வயதுப் பையன் தான் ஒரு பெண் என்றே நம்புகிறான். முதலில் சிரிக்கும் அக்கம்பக்கத்தார் பிறகு முகம் திருப்புகிறார்கள், பள்ளி வேண்டாம் என்கிறது, அப்பாவுக்கு வேலை போகிறது. பார்க்கும்போது தொண்டை அடைத்தது. வெளியே வந்ததும், இது வெள்ளைக்காரர் வீட்டுப் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குத் தேவை இருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தப்பிக்க வழியில்லாமல் செய்தது சந்தோஷ் சிவனின் 'நவரசா'. 'ரோஜா', 'தளபதி' படங்களின் ஒளிப்பதிவாளர்தான் இந்த சந்தோஷ் சிவன். 2004-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. கதை எளியது. ஸ்வேதா என்ற பதின்மூன்று வயதுப் பெண், அப்போதுதான் பூப்பெய்தியவள். தன் சித்தப்பா இரவில் தனியாகப் பெண் அலங்காரம் செய்துகொள்வதைப் பார்த்துவிடுகிறாள். அவர் தன் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு அரவானை மணக்கக் கூவாகம் போகிறார். அவரைத் திருப்பிக் கூட்டிவர இவள் பின்னாலேயே போகிறாள். கூவாகத்தின் உண்மைத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளேயே படமெடுத்திருக்கிறார்கள். நடிப்பு எது, நிஜம் எது என்று பிரிக்க முடியாது.

குறுந்தகட்டில் வீட்டில் பார்த்தோம். படம் முடிந்ததும் என் மனைவி சொன்னாள்: "அந்தப் பொண்ணு தேடிக்கிட்டுப் போவுது. நீங்க போவலியே."

அவளுக்கு மட்டும்தான் தெரியும். 1973-ல் புதுவையில் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. விழுப்புரம் முத்திரை. நான்கைந்து வரிகள். நலம், நீ வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன், அம்மா எப்படி இருக்கிறார், சித்திரையில் கூவாகம் வந்தால் பார்க்கலாம். கீழே ஒரு பெண் பெயர். கையெழுத்து அண்ணனுடையது. பெரியம்மாவிடம் காட்டவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அட்டையை என் பிரெஞ்சு அகராதிக்குள் வைத்தேன். பதில் எழுதவில்லை. புதுவையிலிருந்து கூவாகம் பேருந்தில் சில மணி நேரப் பயணம்தான்.

அதன் பிறகு இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். 2011-ல் விஜயபத்மா இயக்கிய 'நர்த்தகி' வந்தது. அதில் திருநங்கையாக நடித்தவர் உண்மையிலேயே திருநங்கையான கல்கி சுப்பிரமணியம். வேடம் போட்ட ஆண் இல்லாமல், அவரவரே திரைக்கு வந்தது பெரிய மாற்றம். அதற்குள் நாடும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. 2004-ல் ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', 2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' ஆகிய புத்தகங்கள் அவர்கள் குரலிலேயே வந்தன. வித்யாவின் வாழ்க்கை கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். 2008-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. 'திருநங்கை' என்ற மரியாதைச் சொல் பரவியது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று 377-ஆம் பிரிவின் அந்தப் பகுதியும் நீங்கியது.

'கட்டுமரம்' 2019-ல் வந்தது. இயக்குநர் சொர்ணவேல் ஈஸ்வரன், அமெரிக்காவில் சினிமா கற்பிக்கும் பேராசிரியர். 2004 சுனாமியில் தங்கையை இழந்த மீனவர் ஒருவர், அவள் பிள்ளைகளை வளர்க்கிறார். மாமனாக நடித்தவர் இயக்குநர் மிஷ்கின். மருமகளுக்கு மாப்பிள்ளை பார்த்து அலைகிறார். அவளோ ஊருக்கு வந்த இன்னொரு பெண்ணை விரும்புகிறாள். தேவனாம்பட்டினத்தையும் எம்.ஜி.ஆர். திட்டையும் அந்த டிசம்பரில் பார்த்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மாமனின் மனசு தனியாக விளங்கும். கடல் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பவள் அவள். அவளையும் ஊர்ப் பேச்சுக்காக இழப்பதா?

2025 பிப்ரவரி 14 அன்று ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடமை' திரைக்கு வந்தது. மகளாக லிஜோமோல் ஜோஸ், தாயாக ரோகிணி. முற்போக்கான தாய், மகள் காதலிப்பதாகச் சொன்னதும் வீட்டுக்கு அழைத்துவரச் சொல்கிறாள். வந்து நிற்பது ஒரு பெண். படித்த, பேசத் தெரிந்த அந்தத் தாய் திகைத்துப் போகிறாள். சென்னையில் மகளோடு போய்ப் பார்த்தேன். அரங்கில் யாரும் கத்தவில்லை. சில இடங்களில் நானே நெளிந்தேன், ஒளிப்பானேன்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. தன்னை அறிதல் பற்றிய படங்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். ஆனால் 'நவரசா'வின் சித்தப்பாவுக்குத் தான் யாரென்று முன்பே தெரியும். கட்டுமரத்துப் பெண்ணுக்கும் தெரியும், லுதோவிக்குக்கும் தெரியும். தெரியாதவர்கள் வீட்டில் உள்ளவர்கள். அண்ணன் மகள், மாமன், தாய், தகப்பன். படம் முழுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் இவர்கள்தான். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில் உத்தரவு வழங்கும் முன், தமக்கே இதில் தெளிவு வேண்டும் என்று உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுக்கொண்டார். நீதிபதியே மாணவராக உட்கார முடியுமென்றால் நமக்கென்ன குறைந்துவிடும்?

நண்பருக்கு என் பதில் இதுதான். பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது எழுந்து உள்ளே போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் உங்களிடம் எதையோ சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கலாம்.

நான் கூவாகம் போனேன். 2006-ல், முப்பத்து மூன்று ஆண்டு தாமதமாக. அத்தனை ஆயிரம் பேரில் யாரிடம் கேட்பது? அட்டையைக் காட்டி மூத்தவர்கள் சிலரிடம் விசாரித்தேன். ஓர் அம்மா மட்டும் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "பம்பாய்க்குப் போனவங்க நெறைய பேரு திரும்பலய்யா" என்றார். அவ்வளவுதான்.

பிரெஞ்சில் ஒருவரைப் பற்றி எழுதினால் ஆணா பெண்ணா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். தமிழில் 'அவர்' என்று எழுதிவிடலாம். இந்தக் கட்டுரையை அப்படியே எழுதி முடித்துவிட்டேன். ஆனால் பெயர் எழுதும் இடத்தில் 'அவர்' உதவாது.

ஓய்வுக்குப் பின் கீரப்பாளையம் வந்ததும் எங்கள் குடும்ப வம்சாவளியை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பெரியப்பா பிள்ளைகள் பக்கத்தில் ஓர் இடம் வெகுநாள் காலியாக இருந்தது. சென்ற வாரம் அகராதியிலிருந்து அஞ்சலட்டையை எடுத்து, அதில் கையெழுத்திட்டிருந்த பெயரையே அங்கே எழுதிவிட்டேன். மனைவி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். பிழை இல்லை என்றாள்.