சத்துவாச்சாரி பளுதூக்குதல்
வேலூரிலுள்ள சத்துவாச்சாரி, பளுதூக்குவோரால் பெயர் பெற்ற ஊர். இவ்வூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் (பி. 1992) 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கத்தை இருமுறை வென்றவர்: 2014 கிளாஸ்கோவில் மொத்தம் 328 கிலோ (ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179), 2018 கோல்டு கோஸ்டில் 317. தந்தை சிவலிங்கம் முன்னாள் ராணுவ வீரர், அவரும் பளுதூக்கியவரே.

2016 ரியோ ஒலிம்பிக்கில் சதீஷ் 329 கிலோ தூக்கியும் 11-ஆம் இடமே கிட்டியது. அதே பிரிவில் சீனாவின் லூ சியாவோஜுன் தூக்கியது 379. இடைவெளி ஒரு சிமென்ட் மூட்டை! சீனாவில் விளையாட்டுப் பள்ளிகள் சிறுவயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் தங்கவைத்துப் படிப்போடு பயிற்சியும் தருகின்றன. இங்கே பெரும்பாலும் வீட்டாரின் ஆர்வமும் உள்ளூர் ஜிம்மும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

தொடக்கம் மட்டும் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. எடை வருமுன் வெறுங்கம்பில் அசைவைப் பழக்குவார்கள். பெருவிரலைக் கம்பியோடு சேர்த்து மற்ற விரல்களால் பூட்டும் பிடி முதலில் நன்றாகவே வலிக்கும். பழகியவருக்கோ அது இல்லாவிட்டால் கம்பி நழுவும். சர்வதேச இளையோர் பிரிவில் 13 வயது முதல் களமிறங்கலாம்.