அம்மாவின் சமாதியில் வளர்ந்த ஆசிரமம்



சென்ற வாரம் குடும்பத்தோடு திருவண்ணாமலை ரமணாசிரமம் போயிருந்தோம். "இந்த ஆசிரமத்தை யார் தாத்தா ஆரம்பிச்சது?" என்று கேட்டாள் பேத்தி. ரமணர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வரலாறு அப்படி இல்லையே! அவளிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1896 ஆகஸ்ட் மாதம். மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயது வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுக் கிளம்பினார். தன்னைத் தேட வேண்டாம் என்பதே கடிதத்தின் சாரம். செப்டம்பர் 1-ஆம் தேதி அண்ணாமலையார் சன்னிதியில் நின்றார்.

தாய் மனம் தேடாமல் இருக்குமா? 1898-இல் மூத்த மகனோடு வந்தார் அழகம்மாள். பவழக்குன்றில் அழுக்கு உடம்பும் சடைமுடியுமாக இருந்த பிள்ளையைப் பார்த்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். மகன் பேசவில்லை. நடப்பது விதிப்படியே நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

மகன் வரவில்லை; கடைசியில் தாய்தான் வந்தார். 1916 முதல் மகனோடு மலைமேலேயே தங்கினார். பக்தர்கள் கொண்டுவருவதையே பகிர்ந்து உண்ட இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கியவர் அவர்தான். இளைய மகன் நாகசுந்தரமும் வந்து சேர்ந்து, பின்னாளில் நிரஞ்சனானந்தராக ஆசிரம நிர்வாகத்தை நடத்தினார்.

1922 மே 19-ஆம் தேதி தாயின் இறுதி நேரத்தில், ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி ரமணர் அருகிலேயே இருந்தார். மலையடிவாரத்தில், பாலி தீர்த்தத்தின் பக்கத்தில் சமாதி அமைந்தது. கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி இறங்கி வந்துபோன ரமணர், அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது இருந்தது ஒரு கூரைக் கொட்டகைதான். அதைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய ஆசிரமம். சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-இல் மறைந்த ரமணரின் சமாதியும் அதன் பக்கத்திலேயே.

வீட்டைத் துறந்து வந்தவர், கடைசியில் அம்மாவின் காலடியில்தான் குடியிருந்தார்.

நம் பாடப்புத்தகங்களில் அழகம்மாள்கள் வருவதில்லை. அடுத்த முறை அங்கே போனால், முதலில் அந்த அம்மா சன்னிதியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். ஊரில் அம்மா இருப்பவர்கள், அங்கிருந்தே ஒரு போனும் போட்டுவிடுங்கள்.