முதலாண்டு மாணவர்களுக்கு ஃபெயின்மன் எடுத்த பாடம்

கல்லூரியில் சேரும் மாணவர்கள் பெரிய எதிர்பார்ப்போடு வருகிறார்கள். முதலாண்டு வகுப்பிலோ அடிப்படைப் பாடம்தான் நடக்கிறது. 1960 வாக்கில் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்திலும் இதே கதைதான். சார்பியல், குவாண்டம் என்று கேள்விப்பட்டு ஆசையோடு வந்தவர்களுக்கு இரண்டு வருடம் சாய்தளமும் நிலைமின்னியலும்தான் கிடைத்தன. பலர் சோர்ந்து போனார்கள்.

இதை மாற்ற, 1961ல் முதலாண்டு இயற்பியல் விரிவுரைகளை ரிச்சர்ட் ஃபெயின்மனிடம் ஒப்படைத்தார்கள். முதல் வகுப்பிலேயே அவர் அணுக்களைப் பற்றிப் பேசினார். பெரிய அரங்கில் சுமார் 180 மாணவர்கள். வாரம் இரண்டு விரிவுரை. பிறகு 15 முதல் 20 பேர் கொண்ட சிறு வகுப்புகள். வாரம் ஒருமுறை ஆய்வகம். அடுத்த ஆண்டும் அதே மாணவர்களுக்கு அவரே பாடம் எடுத்தார். விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்து, 1963 முதல் 1965 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

நூல் உலகப் புகழ் பெற்றது. வகுப்பு வெற்றி பெற்றதா? பெரும்பாலான மாணவர்கள் தேர்வு எழுதிய விதத்தைப் பார்த்தால் இந்த முறை தோல்விதான் என்று ஃபெயின்மனே முன்னுரையில் எழுதினார். ஒன்றிரண்டு டஜன் பேருக்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லாம் புரிந்ததாக நண்பர்கள் அவருக்குச் சொன்னார்கள். மாணவரும் நல்ல ஆசிரியரும் நேரில் பேசி விவாதிப்பதே சிறந்த கல்வி என்பது அவர் கண்ட முடிவு.

ஆகவே, பெரிய வகுப்பில் உட்கார்ந்து ஒன்றும் புரியவில்லையே என்று முதலாண்டு மாணவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஃபெயின்மன் நடத்தியபோதும் அப்படித்தான் இருந்தது. புரியாததைச் சிறு வகுப்பிலோ ஆசிரியர் அறையிலோ கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.