எத்தனை டன்?

காற்று வாங்கப் போவது என்றால் எங்கள் நாளில் ஆற்றங்கரைக்குப் போவது என்று அர்த்தம். சென்ற சித்திரையில் நான் காற்று வாங்கத் தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தனை டன் சார் வேணும்?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெல்லைக் கலத்தில் அளந்து, பிறகு மூட்டையில் எண்ணிய ஜில்லா இது. காற்றை டன் கணக்கில் வாங்குவது என்றால் அதைப் போட்டு வைக்க இடம் வேண்டாமா? விசாரித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்லி நழுவினேன்.

காற்று எனக்காக அல்ல, என் தமக்கைக்காக. அவளுக்கு வயது எண்பத்துநான்கு. திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீட்டை விற்றுவிட்டு, மெடிகல் காலேஜ் ரோடில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடிக்குக் குடிவந்தோம். முதல் கோடையிலேயே ஒருநாள் மத்தியானம் அக்கா தன் அறையில் மயங்கிக் கிடந்தாள். டாக்டர் ஊசி போட்டார், உப்புக் கரைத்த நீர் கொடுத்தார். புறப்படும்போது என்னைத் தனியாக அழைத்து, "இந்த வயதில் உடம்பு தன் உஷ்ணத்தைத் தானே இறக்கிக்கொள்ளாது. அறையைத்தான் இறக்க வேண்டும்" என்றார். அக்காவோ, "அந்த ஐஸ் பொட்டியெல்லாம் எனக்கு என்னத்துக்குடா? கதவைத் தொற, போறும்" என்றாள்.

கதவைத் திறந்தால் போதும் என்பது அவள் பிறந்த வீட்டைப் பொறுத்தவரை முழு உண்மை. வாசல் திண்ணை, ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பிறகு கூடம், கொல்லை. தெருக்கதவிலிருந்து கொல்லைக்கதவு வரை ஒரே நேர்கோடு. முற்றத்தில் வெயில் விழுந்து சூடான காற்று மேலே எழும்பினால், அந்த இடத்தை நிரப்ப வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று ஓடி வரும். சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்ந்த கனத்த சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். எங்கள் பாட்டனார்கள் காற்றைக் குளிர வைக்க முயன்றவர்கள் அல்ல. அதை நிற்க விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். காவிரிப் பாசனப் பூமியில் அதுதான் சரியான வைத்தியம். இங்கே உடம்பை வாட்டுவது சூடு பாதி, ஈரம் பாதி. வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை எங்கே உலரும்? காற்றாவது வீச வேண்டும். அக்காவின் புது அறையிலோ ஒரே ஜன்னல். அதுவும் மேற்குப் பார்த்தது.

நான் செய்த முதல் தவற்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். டில்லியில் உத்தியோகம் பார்க்கும் என் மருமான் பேச்சைக் கேட்டு, தண்ணீர் ஊற்றி ஓட்டும் கூலர் ஒன்று வாங்கினேன். வடக்கே வெள்ளைக்காரர் காலத்தில் வாசலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளிப்பார்களே, அதன் பேரப்பிள்ளைதான் இந்தக் கூலர். அங்கே வீசும் வறண்ட அனல் காற்றில் அது சொர்க்கம். இங்கே மூடிய அறையில் மூன்று நாள் ஓடியது. அப்பளம் நமுத்தது, தீக்குச்சி பற்ற மறுத்தது, அக்காவுக்குப் படுக்கை விரிப்பு பிசுபிசுத்தது. ஈரத்தால் தவிப்பவளுக்கு இன்னும் கொஞ்சம் ஈரம் வாங்கிக் கொடுத்திருந்தேன்!

டன் விஷயத்துக்கு வருகிறேன். அது காற்றின் எடை அல்ல, ஐஸின் எடை. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 2000 ராத்தல் ஐஸ், இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது சுற்றிலும் உள்ள உஷ்ணத்தை எவ்வளவு உறிஞ்சுமோ, அவ்வளவை உறிஞ்சும் யந்திரம் ஒரு டன் யந்திரம். கடைப் பையன் கேட்ட கேள்வியின் பொருள், "உங்கள் தமக்கையார் அறையில் தினம் எத்தனை டன் ஐஸ் உருக வேண்டும்?" என்பதே.

உண்மையிலேயே ஐஸைக் கப்பலில் ஏற்றி நம் தேசத்துக்கு விற்ற ஒரு மனிதர் இருந்தார். பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டூடர். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து அனுப்புவார். 1833-ல் அவருடைய கப்பல் 180 டன் ஐஸோடு கிளம்பி, நான்கு மாதம் கடலில் வந்து கல்கத்தாவைச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்ததாம். சென்னைக் கடற்கரையில் 1842-ல் அந்த ஐஸுக்காகவே ஒரு மாளிகை எழுந்தது. பிற்பாடு யந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் படுத்துவிட்டது. பிலிகிரி அய்யங்கார் என்ற வக்கீல் அந்தக் கட்டடத்தை வாங்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் உருகாமல் நிற்கிறது.

அறையைக் குளிர வைக்க முயன்றவர்களில் ஒரு டாக்டரும் உண்டு என்பதைப் படித்தபோது எனக்கு எங்கள் டாக்டர் ஞாபகம் வந்தது. பிளாரிடாவில் ஜான் கோரி என்பவர் ஜுரத்தில் கிடந்த நோயாளிகளுக்காகக் கூரையிலிருந்து ஐஸ் பாத்திரங்களைத் தொங்கவிட்டார். ஐஸ் கிடைப்பது அரிதாக இருக்கவே, அதைச் செய்யும் யந்திரத்தைத் தாமே கண்டுபிடித்து 1851-ல் பேடண்டு வாங்கினார். பணம் போட ஆள் அகப்படவில்லை. 1855-ல் ஏழையாகவே கண்ணை மூடினார், பாவம்.

ஆனால் இன்று நாம் சுவரில் மாட்டும் யந்திரத்தின் நேர் மூதாதை மனிதருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடம். கோடையில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் ஊதும், மறுநாள் சுருங்கும். முதல் வர்ணம் ஒரு நாள், இரண்டாம் வர்ணம் மறுநாள் என்று அடித்தால் படத்தில் உதடு ஓரிடம், உதட்டுச் சிவப்பு ஓரிடம். பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். வில்லிஸ் காரியர் என்ற இருபத்தைந்து வயது இஞ்சினீயரிடம் பொறுப்பை விட்டார்கள். குளிர்ந்த சொம்பில் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓட்டி, ஈரத்தைத் தண்ணீராக வடித்து, அச்சுக்கூடத்தின் ஈரப்பதத்தை 55 சதவிகிதத்தில் நிறுத்தத் திட்டம் போட்டார். குளிர்ச்சி அதில் கூடவே வந்த லாபம். நம் சிவகாசிக்கு இந்த வசதியை வறண்ட வானமே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. வர்ணக் காலண்டர்கள் அங்கே அச்சானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். தஞ்சாவூருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது காவிரி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கடைக்குத் திரும்பிப் போகத் தைரியம் வந்தது. அறை பத்தடிக்குப் பன்னிரண்டு என்றேன். "ரெண்டு டன் போடுங்க சார், அஞ்சு நிமிஷத்துல ஜில்லுனு ஆயிடும்" என்றான் பையன். அந்த அவசரம்தான் வேண்டாம் என்றேன். அறைக்கு மிஞ்சிய யந்திரம் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை வடிக்க அதற்கு நேரம் போதாது. பிறகு சில்லென்ற பிசுபிசுப்பில் படுத்திருக்க வேண்டும். அடக்கமான யந்திரம் மெதுவாக, நெடுநேரம் ஓட வேண்டும். ஒரு டன் போதும். அதிலும் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ரகம். நட்சத்திரச் சீட்டையும் பார்த்துக்கொண்டேன். மின்சார பில் கட்டுகிறவன் பார்க்க வேண்டிய ஒரே ஜாதகம் அது.

மீதியெல்லாம் அடுக்குமாடி வாழ்க்கையின் சில்லறைத் தொல்லைகள். ஜன்னலில் கம்பி இருந்ததால், ஜன்னலில் உட்காரும் பழைய ரகம் ஆகாது. வெளியே வைக்கும் பெட்டியைக் குழாய்கள் இறங்கும் இடுக்கில் மாட்டிவிடலாம் என்றார் சங்கத்துக் காரியதரிசி. அங்கே வைத்தால் தான் துப்பிய சூட்டையே பெட்டி திரும்ப விழுங்கும் என்று அவரிடம் அரைமணி நேரம் வாதாடி, கிழக்கு பால்கனியில் இடம் பிடித்தேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டினேன். யந்திரத்தின் வேலையில் ஒரு பங்கைப் பாட்டனார் முறையிலேயே குறைத்தாயிற்று. சொட்டும் நீர் கீழ்வீட்டார் துணியில் விழாமலிருக்கக் குழாயை ஒரு வாளிக்குள் விட்டோம்.

2020-லிருந்து இந்த யந்திரங்கள் நம் நாட்டில் 24 டிகிரியில்தான் கண்விழிக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. நான் அதை 27-க்கு ஏற்றி, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டேன். அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நீ பண்றது ஒண்ணும் நன்னாயில்லை" என்று சொல்லியபடியே தூங்கிப் போனாள். விடியும்வரை எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் இரண்டு தடவை போய், மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

காலையில் பால்கனியில் அவள் குரல் கேட்டு ஓடினேன். வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிக்குமேல் தண்ணீர்.

"இத்தனையுமா அந்த உள்ளுக்குள்ளே இருந்தது?" என்றாள்.

ஆமாம் என்றேன். இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்க என்னைக் கூப்பிட்டு, தொட்டியிலிருந்த மல்லிகைக்கு ஊற்றச் சொன்னாள்.