கழிநீர்க் குழாயும் காற்றின் வழியும்

கழிவறை வீட்டினுள் வந்தபோது சாக்கடை நாற்றமும் உடன் வந்தது. இதனைத் தடுக்க இலண்டன் கடிகாரக் கம்மியர் அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் ஒரு வழி கண்டார். குழாயை ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல் வளைத்தார். வளைவில் தேங்கிய நீரே நாற்றத்துக்குக் கதவாயிற்று.

ஆனால் அக்கதவு உறுதியானதன்று. கழிநீர் குழாயை நிறைத்துக்கொண்டு இறங்குங்கால் பின்னே காற்றழுத்தம் குறைகிறது. அக்குறைவு வளைவிலுள்ள நீரையும் இழுத்துச் சென்றுவிடும். பின்னர்த் தடை ஏது?

1871இல் இங்கிலாந்தின் பட்டத்திளவரசர் எட்வர்டு ஸ்கார்பரோ நகர மாளிகையொன்றில் விருந்தினராகத் தங்கியபின் குடற்காய்ச்சலால் சாவின் வாயிலை எட்டினார். உடன் தங்கிய செஸ்டர்பீல்டு பிரபு மாண்டார். பழி சாக்கடைக் காற்றின்மீது விழுந்தது. அந்நோயின் கிருமி கண்டறியப்பட்டதோ 1880இல்தான். எனினும் அவ்வச்சத்தால் நன்மையும் விளைந்தது. வளைவையடுத்துக் காற்றுக்குழாய் பொருத்திக் கூரைக்கு மேல் உயர்த்தும் வழக்கம் பரவலாயிற்று. தொட்டிதோறும் தனிக் குழாய் வைப்பது ஒரு முறை. பலவற்றுக்கும் பொதுக் குழாய் வைப்பது மற்றொன்று. நீரும் காற்றும் ஒரே குழாயில் இசைந்து செல்லும் முறையை 1959இல் சுவிட்சர்லாந்தின் பிரிட்ஸ் சோமர் வகுத்தார்.

2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிகளில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் கண்டது. 42 பேர் மாண்டனர். குளியலறைத் தரையில் நீர் வற்றிய வளைவுகளின் வழியே நோய் ஏறியதென ஆய்வாளர் முடிவு கண்டனர். வளைவு நீர் இழுபடாமல் காப்பது காற்றுக்குழாய்; வற்றாமல் காப்பது வீட்டாரின் கடன்.