அறுவை அரங்கில் நிறை நிறமாலையியல்: நுரையீரல் கட்டிகளை உடனுக்குடன் இனங்காணல்

அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, திசுவிலுள்ள மூலக்கூறுகளை அளந்து அது புற்றுநோய்தானா என்று நொடிகளில் கண்டறியும் முறை இது. நுரையீரலில் இதற்கான தேவை மிக அதிகம். சி.டி. ஸ்கேனில் தென்படும் சிறு முடிச்சு புற்றுநோயாக இருக்கலாம். காசநோய் விட்டுச்சென்ற தழும்பாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். முடிச்சு சிறியதாகவோ ஆழத்திலோ இருந்தால் ஊசியால் முன்கூட்டியே திசு எடுப்பதும் எளிதல்ல. அதனால் எவ்வளவு அகற்றுவது என்ற முடிவு பல வேளைகளில் அறுவை மேசையில்தான் எடுக்கப்படுகிறது.

அந்த முடிவுக்கு இன்றும் ஆதாரம் ஃப்ரோசன் செக்‌ஷன் எனப்படும் உறைதிசுச் சோதனை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன் 1905இல் இதற்கு ஒரு செம்மையான வழிமுறையை வகுத்தார். வெட்டியெடுத்த துண்டை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். முடிவு வர ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை நோயாளி மயக்கத்தில், பெரும்பாலும் ஒரு நுரையீரலின் சுவாசத்தை மட்டும் நம்பிக் கிடக்கிறார். காற்றறைகள் நிறைந்த நுரையீரல் திசு உறையவைக்கையில் எளிதில் உருக்குலைவதால், அடினோகார்சினோமா எனும் புற்றுநோய் வகை தொடக்கநிலையில் ஊடுருவத் தொடங்கிவிட்டதா என்று சொல்வது தேர்ந்த கண்ணுக்கும் கடினம்.

நிறை நிறமாலைமானி உருவத்தைப் பார்ப்பதில்லை. மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி அவற்றைப் பிரித்து எண்ணுகிறது. புற்றுச்செல்களின் வளர்சிதைமாற்றம் மாறியிருப்பதால், அவற்றின் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகளும் கொழுப்பு அமிலங்களும் வேறு விகிதத்தில் அமைகின்றன. அந்த வேறுபாடே இங்கு அடையாளம். முன்பெல்லாம் மாதிரியை நெடுநேரம் பக்குவப்படுத்த வேண்டியிருந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸின் குழு 2004இல் அந்தத் தடையை உடைத்தது: மின்னூட்டிய நீர்மத்துளிகளைத் தெளித்து, திறந்த காற்றிலேயே ஒரு பரப்பை ஆராயலாம் என்று காட்டியது.

அக்குழுவில் இருந்த ஹங்கேரிய வேதியியலாளர் சோல்டான் தாகாட்ஸ், பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 'ஐநைஃப்' என்ற கருவியை வளர்த்தெடுத்தார். மின்கத்தி திசுவை வெட்டும்போது எழும் புகையை உறிஞ்சி ஆராய்வது இதன் உத்தி. 2013இல் வெளியான ஆய்வில், 81 அறுவைகளில் இது தந்த முடிவு பிந்தைய திசுச் சோதனையுடன் முழுமையாக ஒத்துப்போனது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிவியா எபெர்லினின் குழு 2017இல் அறிவித்த 'மாஸ்பெக் பென்' வேறு வழியில் செல்கிறது. பேனா வடிவக் கருவியின் நுனியில் சுரக்கும் ஒரு சொட்டு நீர் மூன்று நொடி திசுவைத் தொட்டிருந்து, கரைந்த மூலக்கூறுகளுடன் குழாய்வழி மானிக்குச் செல்கிறது. ஏறத்தாழ 10 நொடியில் விடை கிடைக்கும். நுரையீரல், மார்பகம், தைராய்டு, சினைப்பை ஆகியவற்றிலிருந்து எடுத்த 253 திசு மாதிரிகளில் துல்லியம் 96 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. திசு எரிவதோ சிதைவதோ இல்லை என்பதால், மிச்சம் வைக்கும் ஒவ்வொரு பகுதியும் மூச்சாகும் நுரையீரலுக்கு இதுவே கூடுதலாகப் பொருந்தும் வழி.

வேகத்தைவிடப் பெரிய பயன் வெட்டுவிளிம்பைச் சரிபார்ப்பதில் இருக்கிறது. 2 செ.மீ.க்கு மிகாத புற்றுக்கட்டிகளுக்கு நுரையீரலின் பெரும்பிரிவான மடல் ஒன்றையே நீக்குவதா, அதன் ஒரு பகுதியை மட்டும் நீக்குவதா என்று ஜப்பானில் 1,106 நோயாளிகளிடம் ஒப்பிட்டு, 2022இல் முடிவை வெளியிட்டனர். பகுதி நீக்கம் செய்துகொண்டவர்களில் 94.3 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். மடல் நீக்கத்தில் இது 91.1. ஆனால் நோய் அதே இடத்தை ஒட்டித் திரும்பியது முன்னவர்களில் 10.5 விழுக்காடு, பின்னவர்களில் 5.4. குறைவாக வெட்டுவதன் நன்மை நிலைக்க, விளிம்பில் புற்றுச்செல் தங்கவில்லை என்பது அங்கேயே தெரிய வேண்டும்.

வரம்புகளும் உண்டு. மானியின் அளவீட்டை இனங்காணும் கணினி தன் தரவுத்தொகுப்பில் உள்ள திசு வகைகளோடுதான் ஒப்பிட முடியும். அரிய கட்டிகளில் தடுமாறும். விளிம்பில் சிதறிய சில புற்றுச்செல்களின் குறிப்பு, சூழ்ந்திருக்கும் இயல்பான திசுவின் குறிப்பில் அமிழ்ந்துபோகலாம். மானியும் விலை மிகுந்தது, இடத்தை அடைப்பது. கட்டியின் வகை, நிலை, இ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுக்களில் உள்ள மாற்றங்கள் ஆகியவற்றை உறுதிசெய்ய, அகற்றிய திசு இன்றும் நோயியல் ஆய்வகத்துக்கே செல்கிறது.